கனும்பாவுக்கு யார் விருது கொடுத்தார்கள்?

அன்புள்ள ஐயா,

எங்கள் திரைப்படச் சங்கத்தில் அடுத்த மாதம் கிழக்கு ஆப்பிரிக்க சினிமா பற்றிப் பேசவிருக்கிறேன். அதற்காக, வாங்கிய விருதுகளை வைத்து ஒரு பட்டியல் தயாரித்திருக்கிறேன். உகாண்டா சர்வாதிகாரி இடி அமீனாக நடித்து ஆஸ்கர் பெற்ற ஃபாரஸ்ட் விட்டேக்கர் முதலில், பிறகு லுபிட்டா நியாங்கோ, அதன் பிறகு கான் விழாவுக்குச் சென்ற ‘ராஃபிக்கி’. தான்சானியாவின் போங்கோ படங்கள் (அங்கே குறைந்த செலவில் எடுக்கும் வீடியோ படங்கள்) சிலவற்றையும் இணையத்தில் பார்த்தேன். ஒலி, ஒளி இரண்டும் மோசம். பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. லுபிட்டாவைக் கென்ய நடிகை என்று சொல்லலாமா? ஒரே ஒரு படம்தான் திரையிட முடியும் என்றால் எதைச் சொல்வீர்கள்?

க., கோயம்புத்தூர்

அன்புள்ள க.,

கென்யாவின் நைரோபியிலும் தான்சானியாவின் தார் எஸ் சலாமிலும் என்ன படம் எடுக்கிறார்கள் என்று தேடிப் பார்க்கிற ஓர் இளைஞர் இங்கே இருக்கிறார் என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். அந்த உரிமையில்தான் உங்களைக் கடிந்துகொள்ளவும் போகிறேன்.

கிழக்கு ஆப்பிரிக்கா என்று தலைப்பு வைத்துவிட்டு முதல் வரியில் ஓர் அமெரிக்க நடிகரை உட்கார வைத்திருக்கிறீர்கள். விட்டேக்கர் பிரமாதமாக நடித்தார், படமும் உகாண்டாவில் எடுக்கப்பட்டது. ஆனால் அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே, 1981இல், ஜோசப் ஒலிட்டா என்ற கென்ய நடிகர் இடி அமீனாக நடித்துவிட்டார். இயக்கியவர் கென்ய இந்தியரான ஷரத் பட்டேல். பத்து ஆண்டுகள் கழித்து மீரா நாயர் தன் படத்தில் அமீனைக் காட்ட வேண்டி வந்தபோதும் ஒலிட்டாவைத்தான் அழைத்தார். ஒலிட்டா 2014இல் காலமானார். இவரைத் தெரிந்துகொள்ளாமல் இந்தத் தலைப்பில் மேடை ஏறாதீர்கள்.

லுபிட்டா எந்த நாட்டு நடிகை என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். 2014இல் அவர் ஆஸ்கர் வாங்கியதும் பிறந்த மெக்சிகோவும் வளர்ந்த கென்யாவும் உரிமை கொண்டாடின. அதில் நாமும் போய் நிற்க வேண்டாம்.

‘ராஃபிக்கி’க்கு வருகிறேன். வனுரி கஹியு இயக்கிய அந்தப் படம் இரண்டு பெண்களின் காதலைச் சொல்கிறது. முடிவு நம்பிக்கை தருவதாக இருக்கிறது என்பதே கென்யத் தணிக்கை வாரியத்துக்கு உறுத்தல். 2018 ஏப்ரலில் தடை விதித்தார்கள். மே மாதம் அது கான் விழாவில் திரையிடப்பட்டது. அங்கே தேர்வான முதல் கென்யப் படம் அதுதான். ஆஸ்கருக்கு அனுப்ப வேண்டுமானால் சொந்த நாட்டில் ஏழு நாள் ஓடியிருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. இயக்குநர் நீதிமன்றம் போனார், செப்டம்பரில் தடையை ஏழே நாளுக்கு நிறுத்திவைத்தார்கள். நைரோபித் திரையரங்கில் அரங்கு நிறைந்த காட்சிகள். கடைசியில் கென்யா ஆஸ்கருக்கு அனுப்பியது வேறொரு படத்தை. அடுத்த ஆண்டு சமந்தா முகாட்சியா, அதுவரை ட்ரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த பெண், இந்தப் படத்துக்காக புர்கினா ஃபாசோவின் ஃபெஸ்பாகோ விழாவில் சிறந்த நடிகை விருது வாங்கினார். உங்கள் பட்டியலில் இது ஒரே வரி: ‘கான், 2018’. அந்த ஏழு நாள் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கியவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது போங்கோ படங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான். சில நாட்களாக தான்சானிய நடிகர் ஸ்டீவன் கனும்பாவை நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. ஷின்யாங்காவில் பிறந்தவர். தார் எஸ் சலாமில் காவோலே நாடகக் குழுவின் தொலைக்காட்சித் தொடர்களில் நடித்து, பிறகு வீடியோ படங்களுக்கு வந்தவர். நைஜீரிய நடிகர்களைத் தன் படங்களுக்கு அழைத்து வந்தார். 2012 ஏப்ரல் 7 அன்று இறந்தபோது வயது 28. லீடர்ஸ் கிளப் மைதானத்தில் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். நெரிசலில் மயங்கி விழுந்தார்கள். எந்த உலக விழாவின் நடுவர் குழு அந்தக் கூட்டத்தைச் சேர்த்தது? யாரும் சேர்க்கவில்லை. ஸ்வாஹிலியில் பேசி, தங்களைப் போலவே கடன்பட்டு, ஏமாந்து, காதலித்து, அழுத ஒரு முகத்தைப் பார்க்க வந்தார்கள்.

ஒலி மோசம் என்கிறீர்கள். மோசம்தான். ஏன் என்று கேட்டீர்களா? கனும்பா காலத்தில் படத்தை விநியோகஸ்தரிடம் அவுட்ரேட்டில், அதாவது ஒரே தொகைக்கு மொத்தமாக, விற்றுவிட வேண்டியிருந்தது. வட்டு எத்தனை விற்றாலும் எடுத்தவருக்கு மேற்கொண்டு ஒரு ஷில்லிங் வரவில்லை. இன்னொரு பக்கம் திருட்டு வட்டு. அடுத்த படம் எடுத்தால்தான் அடுத்த மாதச் சோறு என்றால் ஒலிக்கலவைக்கு யார் செலவழிப்பார்கள்? ஐரோப்பிய நிதியில் எடுத்த படத்தையும் இதையும் ஒரே தராசில் நிறுத்துவது அநியாயம்.

பல வருடங்களுக்கு முன் உகாண்டாவின் கம்பாலாவில் நண்பர் ஒருவர் என்னை வீடியோ கொட்டகை ஒன்றுக்கு அழைத்துப்போனார். தகரக் கூரை, முதுகு சாய முடியாத பெஞ்சுகள், முன்னால் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. ஓடியது ஹாங்காங் சண்டைப் படம். பெட்டிக்குப் பக்கத்தில் மைக்கோடு ஒருவர். அவரை வீடியோ ஜோக்கர் என்கிறார்கள். நடிகன் வாயைத் திறந்தால் இவர் ஒலியைக் குறைத்துவிட்டு உள்ளூர் மொழியான லுகாண்டாவில் பேசுகிறார். கதாநாயகன் மதில் தாண்டி ஓடும்போது இவர் ஏதோ கத்தினார், கொட்டகையே எழுந்து நின்றது. என்ன சொன்னார் என்று கேட்டேன். “அந்தப் பக்கம் போகாதே, நம் சந்தைத் தெரு, மழையில் சேறு” என்றாராம். வேறு நாட்டுப் படத்தையே இப்படி இழுத்துத் தங்கள் தெருவில் நிறுத்திக்கொண்டவர்கள், தங்கள் முகமும் பேச்சும் கொண்ட படம் வந்தால் சும்மா இருப்பார்களா? அந்தப் பசி இல்லாமல் கனும்பா ஏது? நீங்கள் பத்து நிமிடத்தில் எழுந்து போனீர்கள் என்றால், அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

கேட்டதற்குப் பதில்: ‘சூப்பா மோடோ’வைத் திரையிடுங்கள். லிகாரியன் வைனைனா இயக்கியது, 2018இல் கென்யா ஆஸ்கருக்கு அனுப்பியது இதைத்தான். சாகப்போகும் ஜோ என்ற சிறுமிக்காக ஒரு கிராமமே சேர்ந்து அவளை நாயகியாக்கிப் படம் எடுக்கிறது. ஊரில் படம் ஓட்டும் மைக் என்ற பாத்திரத்தைக் கவனித்துப் பாருங்கள், கம்பாலாவில் நான் பார்த்தவரின் உடன்பிறப்பு. ஆனால் மேடை ஏறுவதற்குள் கனும்பாவின் படம் ஒன்றையாவது கடைசிவரை பார்த்துவிடுங்கள். பார்த்த பிறகு எழுதுங்கள். பிடிக்கவில்லை என்று எழுதினாலும் பதில் போடுவேன்.