குடும்பங்களுக்கான உரிமைப் பயிற்சி: கேள்வி பதில்

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், மூளை முடக்குவாதம் உள்ளவர்களின் குடும்பத்தினர் தலைமையேற்கவும் உரிமைகளைக் கேட்டுப் பெறவும் தரப்படும் பயிற்சி பற்றி மட்டும் இன்று பதில் சொல்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு வேறு என்பதால் படிவ எண், உதவித்தொகை விவரம் இங்கே வேண்டாம்.

கேள்வி: மேடம், பெற்றோருக்கான தலைமைப் பயிற்சி என்கிறார்களே, அதற்கும் விழிப்புணர்வுக் கூட்டத்துக்கும் என்ன வித்தியாசம்?

விழிப்புணர்வுக் கூட்டத்தில் கேட்டுவிட்டு எழுந்து போய்விடலாம். இதில் வீட்டுப்பாடம் உண்டு.

பல நாடுகளுக்கும் பரவிய முன்மாதிரி ஒன்று அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 1987-ல் தொடங்கியது. பெயர் 'பார்ட்னர்ஸ் இன் பாலிசிமேக்கிங்'. எட்டு அமர்வுகள், ஒவ்வொன்றும் இரண்டு நாள், மொத்தம் 128 மணி நேரம். குறைபாடு உள்ளவர்களைப் பெரிய விடுதிகளில் அடைத்து வைத்திருந்த வரலாற்றில் ஆரம்பித்து, எல்லோருடனும் சேர்ந்த கல்வி, ஆதரவோடு தனி வாழ்க்கை, வேலை, உதவிக் கருவிகள் என்று போகும். பிறகு சட்டம் எப்படி உருவாகிறது, கூட்டத்தை எப்படி நடத்துவது, மக்கள் பிரதிநிதியிடம் எப்படிப் பேசுவது. இந்தப் பின்பாதிதான் பயிற்சியின் உயிர். உள்ளூரில் நடத்துபவர்கள் முதலில் வெட்டுவதும் இதைத்தான்.

அமர்வுகளுக்கு இடையே இடைவெளி விடுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு அதிகாரியைப் போய்ப் பார்த்து, என்ன நடந்தது என்று அடுத்த அமர்வில் சொல்ல வேண்டும். அந்தப் போய்ப் பார்த்தல் இல்லையென்றால் 128 மணி நேரமும் வெறும் சொற்பொழிவு. இன்னொன்று, சிறு குழந்தைகளின் பெற்றோரும் குறைபாடு உள்ள பெரியவர்களும் ஒரே வகுப்பில் உட்காருவார்கள். நான்கு வயதுக் குழந்தையின் அம்மா, வேலைக்குப் போய்த் தனியாக வாழும் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்தால் தன் குழந்தைக்கு என்ன கேட்கலாம் என்ற கணக்கே மாறும்.

கேள்வி: எங்கள் குழுவில் 14 பேர். இதையெல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்க முடியுமா?

முடியாது. ஒரு திறனை மட்டும் எடுத்துக்கொண்டால் முடியும். காலையில் ஆளுக்கொரு கோரிக்கைக் கடிதம். மதியம் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் அதிகாரியாக நடித்து மறுக்க, மற்றவர் கேட்க வேண்டும். மறுப்பவருக்கு மூன்று வசனம் எழுதிக் கொடுங்கள்: 'நிதி இல்லை', 'இது என் கையில் இல்லை', 'பார்க்கலாம்'. வெளியேயும் பெரும்பாலும் இந்த மூன்றுதான் வரும்.

கேள்வி: பொது விசாரணையில் பேச 3 நிமிடம் தருகிறார்கள். எனக்கு வாயைத் திறந்தாலே அழுகை வருகிறது.

அழுகை வந்தால் வரட்டும், அதில் தவறில்லை. கோரிக்கையைச் சொல்வதற்கு முன்பே நேரம் முடிந்துவிடுவதுதான் சிக்கல். பிறந்த கதையில் ஆரம்பிப்பவர்களுக்கு இது தவறாமல் நடக்கும்.

இப்படிப் பிரியுங்கள். முதல் 20 நொடி: நீங்கள் யார், என்ன கேட்க வந்தீர்கள். கோரிக்கை முதல் வரியிலேயே வர வேண்டும். அடுத்த 60 நொடி: ஒரே ஒரு சம்பவம், தேதியோடு. 'என் மகளைப் பள்ளி வேனில் ஏற்றவில்லை' என்றால் அது எந்த நாள், யார் தடுத்தார்கள், அன்று அவள் எத்தனை மணி நேரம் வகுப்பை இழந்தாள். பிறகு 40 நொடி: இதே நிலையில் வேறு எத்தனை குடும்பங்கள், எந்த விதி மீறப்படுகிறது. கடைசி 30 நொடி: என்ன செய்ய வேண்டும், யார், எந்தத் தேதிக்குள். மொத்தம் 150 நொடி. மீதி 30 நொடி அழுகைக்கும் தண்ணீர் குடிக்கவும்.

எழுத்தில் 250 சொல்லைத் தாண்ட வேண்டாம். வீட்டில் நின்றுகொண்டு, சத்தமாக, கடிகாரம் வைத்துப் படியுங்கள். மனசுக்குள் படித்தால் எப்போதும் சீக்கிரம் முடியும். விசாரணைக் குழு உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி, கூடுதலாக இரண்டு. குரல் உடைந்தால் கடைசிப் பத்தியைப் படிக்கப் பக்கத்தில் ஒருவரை நிறுத்துங்கள். ஐந்து கோரிக்கை வைத்தால் அவர்களுக்குச் சுலபமானதை எடுத்துக்கொண்டு மற்ற நான்கையும் மறந்துவிடுவார்கள். ஒன்று போதும்.

கேள்வி: அதிகாரி நன்றாகத்தான் பேசினார். 'செய்கிறேன்மா' என்றார். மூன்று மாதமாக ஒன்றும் நடக்கவில்லை.

எழுத்தில் வாங்கவில்லை, அதனால் நடக்கவில்லை. சந்திப்பு முடிந்த 24 மணி நேரத்துக்குள் நீங்களே ஒரு கடிதம் அனுப்புங்கள்: 'இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது: இன்ன வேலையை இன்ன தேதிக்குள் செய்வதாகச் சொன்னீர்கள். தவறாகப் புரிந்திருந்தால் ஏழு நாளுக்குள் தெரிவிக்கவும்.' பதில் வந்தாலும் லாபம், வராவிட்டாலும் கோப்பில் ஒரு ஆதாரம். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் தேதியும் கையெழுத்தும் முத்திரையும் வாங்காமல் நகராதீர்கள்.

கேள்வி: பள்ளியில் உதவியாளர் தருவதாக வாயால் ஒப்புக்கொண்டார்கள். இப்போது அப்படிச் சொல்லவே இல்லை என்கிறார்கள்.

மேலே உள்ள பதில்தான். எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: எனக்கு 27 வயது. டவுன் சிண்ட்ரோம். பெற்றோர் கூட்டத்துக்கு அம்மாவோடு போகிறேன். என்னை வைத்துக்கொண்டே என்னைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் பேசினால் கைதட்டுகிறார்கள், குறித்துக்கொள்வதில்லை. என்ன செய்வது?

இன்று வந்ததில் இதுதான் நல்ல கேள்வி.

கூட்டம் நடத்துபவரிடம் மூன்று கேளுங்கள். ஒன்று, என்ன பேசப்போகிறார்கள் என்பதை எளிய வார்த்தையில் ஒரு வாரம் முன்னதாகத் தரச் சொல்லுங்கள். இரண்டு, பேச்சு வரிசையில் உங்கள் பெயர் தனியாக இருக்க வேண்டும். 'அம்மாவும் மகனும்' என்று அல்ல. மூன்று, நீங்கள் சொன்னது கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று கடைசியில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். உதவிக்கு ஆள் வேண்டுமென்றால் அம்மா அல்லாத ஒருவரை நீங்களே தேர்ந்தெடுங்கள். அம்மா நல்லவர்தான், ஆனால் அவருக்கும் அந்தக் கூட்டத்தில் கேட்க வேண்டியது இருக்கும்.

குறைபாடு உள்ளவர்கள் தாங்களே அமைப்பாகப் பேசுவது புதிது அல்ல. ஸ்வீடனில் 1960-களின் பிற்பகுதியில் முளைத்தது. அமெரிக்காவின் ஓரிகனில் 1974-ல் 'பீப்பிள் ஃபர்ஸ்ட்' என்ற பெயரில் மாநாடே கூட்டினார்கள்.

கேள்வி: மன்னிக்கவும் மேடம், கொஞ்சம் கோபமாகவே கேட்கிறேன். என் மகனுக்கு 19 வயது, பேச்சே கிடையாது. அவனுக்காக நான் பேசாமல் யார் பேசுவது? இப்படியெல்லாம் சொல்வது பேச முடிந்தவர்களுக்கு மட்டும்தான் பொருந்தும்.

நீங்கள்தான் பேச வேண்டும். ஆனால் எதைப் பேசுகிறீர்கள் என்பதைப் பிரிக்க வேண்டும். தாளை நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் 'அவன் காட்டியது', வலப்பக்கம் 'நான் விரும்புவது' என்று எழுதுங்கள். 'பகல்நேர மையத்தில் நுழைந்ததும் காதைப் பொத்துகிறான், தோட்டத்துக்குப் போனால் கையை எடுக்கிறான்' என்பது இடப்பக்கம். 'அவனுக்குப் பாதுகாப்பான இடம் வேண்டும்' என்பது வலப்பக்கம். இரண்டையும் சொல்லலாம். கலந்து சொல்லக்கூடாது.

இடப்பக்கத்தை நிரப்பப் பொறுமை வேண்டும். இரண்டு பொருளையோ படத்தையோ காட்டித் தேர்ந்தெடுக்க விடுங்கள். அடுத்த முறை இடம் மாற்றி வையுங்கள். சிலர் எப்போதும் வலக்கைப் பக்கம் இருப்பதையே எடுப்பார்கள், அதை விருப்பம் என்று எழுதிவிடக்கூடாது. வேறு வேறு நாளில், வேறு வேறு ஆளோடு செய்து பாருங்கள். ஒரு நிமிட வீடியோ எடுத்து வையுங்கள்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கை 2006-ல் நிறைவேறியது. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று சொல்லும் அதன் 12-ஆம் பிரிவுக்கு 2014-ல் ஐ.நா. குழு தந்த விளக்கம், பெரியவர்களின் விஷயத்தில் 'அவர் நன்மைக்கு எது நல்லது' என்ற அளவுகோலை விலக்கி, விருப்பத்தை அறியவே முடியாதபோது அவர் விருப்பத்தையும் தேர்வுகளையும் பற்றி இயன்றவரை சரியாக ஊகிப்பது என்ற அளவுகோலை வைத்தது. பேச்சில்லாதவர்களுக்கும் அது பொருந்தும்.

கேள்வி: நான் ஒரு அப்பா. அப்படியானால் போக்குவரத்துள்ள சாலையில் ஓடுவேன் என்று என் பிள்ளை நின்றால் ஓட விடுவதா?

இல்லை. பிடித்து நிறுத்துங்கள். ஆனால் சாலையில் ஓடினார் என்ற காரணத்துக்காக அவர் எந்தச் சட்டை போடுவது, யாரோடு பழகுவது, எங்கே தூங்குவது என்பதையெல்லாம் நீங்களே முடிவு செய்யக் கிளம்பினால் அதற்கு நியாயம் இல்லை. எல்லா முடிவையும் சட்டப்படி இன்னொருவரே எடுக்கும் முழுப் பாதுகாவலர் ஏற்பாட்டைக் கேட்கும் முன், எந்தெந்த முடிவுக்கு உதவி தேவை என்று பட்டியல் போடுங்கள்: பணம், மருத்துவம், தங்குமிடம், அன்றாடம். பல வரிகளில் உதவி போதும், பொறுப்பைப் பறிக்கத் தேவையில்லை.

கேள்வி: (19 வயது மகனின் அம்மாவேதான்) ஒப்புக்கொள்ளவில்லை. இந்த வாதத்தை எடுத்துக்கொண்டு அரசு 'பெற்றோர் பேச்சு தேவையில்லை' என்று எங்களை வெளியே தள்ளும்.

இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதே உடன்படிக்கைக்கு ஐ.நா. குழு 2018-ல் தந்த 7-ஆம் பொது விளக்கம் இதற்கு உதவும். குடும்பத்தினரின் அமைப்புகளுக்கு அது இடம் தருகிறது. கூடவே, குடும்பத்தின் வேலை அந்த மனிதருக்குத் துணை நின்று குரலைப் பலப்படுத்துவது என்றும் சொல்கிறது. உங்களை வெளியே தள்ள முயன்றால் அதைக் காட்டுங்கள். என்னோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. அடுத்த மனுவில் அந்த நடுக்கோட்டை மட்டும் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஆட்டிசத்துக்குப் புது மருந்து வந்திருக்கிறதாமே?

மருத்துவரிடம் கேளுங்கள். இங்கே இல்லை.

கேள்வி: தலைமை ஆசிரியர் 'சரி, பார்த்துக்கலாம்' என்று சொன்னார், ஆனால்...

எழுத்தில். வாங்குங்கள். இனி இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

கேள்வி: முதல் அமர்வுக்கு 30 பேர் வருகிறார்கள், மூன்றாவதுக்கு 9 பேர். ஆர்வமே இல்லையா?

ஆர்வத்தைக் குறை சொல்வதற்கு முன் வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். பயிற்சி நடக்கும் இடத்திலேயே பராமரிப்பு ஏற்பாடு வேண்டும், அல்லது வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கான செலவையும் பயணச் செலவையும் குழுவின் கணக்கில் வையுங்கள். இரவு விழித்த அம்மாவைக் காலை எட்டு மணிக்கு வரச்சொன்னால் வரமாட்டார். வராதவர்களுக்குப் போன் செய்யும் வேலையை ஒருவரிடம் பெயர் சொல்லிக் கொடுங்கள். அது தலைவராக இருக்கக்கூடாது. அவர் கேட்டால் விசாரணை மாதிரி இருக்கும்.

கேள்வி: எளிய வார்த்தையில் கூட்டக் குறிப்பு என்றீர்களே, எப்படி எழுதுவது?

ஒரு வரியில் ஒரு கருத்து. பத்துப் பன்னிரண்டு சொல்லுக்குள். பெரிய எழுத்து, குறைந்தது 14 புள்ளி அளவு. 'தீர்மானம் நிறைவேற்றப்பட்டது' என்பதற்குப் பதில் 'நாம் முடிவு செய்தோம்'. படத்தை அலங்காரத்துக்காகப் போடாதீர்கள், அந்த வரியின் பொருளைக் காட்ட வேண்டும். எழுதி முடித்ததும் அறிவுசார் குறைபாடு உள்ள இரண்டு பேரிடம் கொடுத்து, படித்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். 'புரிந்ததா?' என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள்.