கார்ப்பரேட் வரி: ரிட்டயர்டு ஆடிட்டர் பதில் சொல்கிறார்

2019-ல் மத்திய அரசு கம்பெனிகளின் வருமான வரியைக் குறைத்ததைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன். உங்கள் சொந்த ரிட்டர்ன் பற்றிக் கேட்டால் பதில் வராது. இன்னொன்று, எத்தனை சதவீதம் என்பதோடு நிறுத்தாமல் எதன் மேல் அந்தச் சதவீதம் என்றும் கேளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

தென்காசியிலிருந்து ஒருவர்: 30-லிருந்து 22 ஆக்கினார்கள். எட்டு சதவீதத்துக்கு இவ்வளவு கூச்சலா?

எட்டு இல்லை, கிட்டத்தட்ட பத்து. 30-ன் மேல் 12% சர்சார்ஜ் (லாபத்துக்கு இல்லை, வரித்தொகையின் மேல் போடும் கூடுதல் வரி), இரண்டும் சேர்ந்த தொகையின் மேல் 4% செஸ் என்ற இன்னொரு வரி சேர்த்தால் பெரிய கம்பெனிக்குப் பழைய வரி 34.94%. புதிய 22-ன் மேல் சர்சார்ஜ் 10% மட்டும், செஸ் அதே 4%. ஆக 25.17%. உற்பத்திக்காகப் புதிதாகத் தொடங்கிய கம்பெனிக்கு 15%, எல்லாம் சேர்த்து 17.16%. நிர்மலா சீதாராமன் இதை அறிவித்தது 2019 செப்டம்பர் 20-ல், ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்துக்காகப் போயிருந்த பனாஜியில். அன்று பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 1,921 புள்ளி ஏறியது. வருடத்துக்கு 1.45 லட்சம் கோடி வரி இழப்பு என்று அரசே சொன்னது.

ஆனால் 22-ஐத் தேர்ந்தெடுக்கும் கம்பெனி பழைய கழிவுகள் (லாபத்திலிருந்து கழித்துக்கொள்ளும் வரிச்சலுகைகள்) பலவற்றை விட்டுக்கொடுக்க வேண்டும். ஏற்கெனவே கழிவுகளால் குறைவாகக் கட்டிக்கொண்டிருந்த கம்பெனிக்கு லாபம் சொற்பம். 34.94-ஐ முழுசாகக் கட்டியவர்களுக்குத்தான் ஜாக்பாட்.

மதுரை: சிறு கம்பெனிகளுக்கும் நன்மைதானே?

கொஞ்சம். வருட விற்றுமுதல் 400 கோடிக்குள் இருந்த கம்பெனிகளுக்கு அதே 2019 ஜூலை பட்ஜெட்டிலேயே 25% ஆக்கிவிட்டார்கள். கம்பெனிகளில் 99.3% இதற்குள் வந்துவிடும் என்பது அந்த பட்ஜெட் உரையிலேயே இருக்கிறது. அப்படியானால் செப்டம்பர் குறைப்பின் பெரும்பங்கு யாருக்குப் போனது என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

திருப்பூர்: எங்களுடையது பார்ட்னர்ஷிப். எங்களுக்கு எவ்வளவு குறைந்தது?

பைசா குறையவில்லை அண்ணே. பார்ட்னர்ஷிப்புக்கு அதே 30%, செஸ்ஸோடு 31.2. லாபம் ஒரு கோடியைத் தாண்டினால் சர்சார்ஜும் உண்டு. பனியன் கம்பெனி வைத்திருக்கும் நீங்கள் 31 கட்டுகிறீர்கள், ஆயிரம் கோடிக் கம்பெனி 25 கட்டுகிறது. இதைப் பற்றி எந்த டிவி விவாதத்திலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை. ஒரு நியாயம் உண்டு: வரி கட்டிய பிறகு பார்ட்னர் எடுக்கும் லாபப் பங்குக்கு மறுபடி வரி கிடையாது. கம்பெனியில் டிவிடெண்டுக்கு, அதாவது பங்கு வைத்திருப்பவருக்குப் பிரித்துக்கொடுக்கும் லாபத்துக்கு, உண்டு. கம்பெனியாக மாற்றலாமா என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள், இங்கே வேண்டாம்.

கோவில்பட்டி: அம்பானிக்கும் அதானிக்கும் கடன் தள்ளுபடி செய்தது பற்றி?

அது வங்கிக் கணக்கு, வரி இல்லை. ரைட் ஆஃப் என்றால் வங்கி தன் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுகிறது. கடன்காரரின் கடன் அப்படியே நிற்கும், வசூலும் தொடரும். எவ்வளவு வசூலாகிறது என்பது வேறு விவாதம்.

சென்னை: வரி குறைத்ததால் வசூல் கூடியது என்கிறார்களே?

எந்த வருடத்திலிருந்து எண்ணுகிறார்கள் என்று பாருங்கள். கார்ப்பரேட் வரி வசூல் 2018-19-ல் 6.63 லட்சம் கோடி. 2019-20-ல் 5.57. கொரோனா ஊரடங்கு வந்தது அந்த நிதியாண்டின் கடைசி மாதத்தில்தான். இறக்கத்துக்குக் காரணம் வரிக்குறைப்பும் அப்போதிருந்த மந்தமும். 2020-21-ல் 4.57. 2023-24-ல் 9.11. கொரோனா வருடத்தை அடியாக வைத்தால் இரட்டிப்பு! 2018-19-ஐ வைத்தால் ஐந்து வருடத்தில் 37% உயர்வு. அதே ஐந்து வருடத்தில் தனிநபர் வருமான வரி 4.73-லிருந்து 10.44 லட்சம் கோடியானது, அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். (திருப்பூர் அண்ணன் கட்டும் பார்ட்னர்ஷிப் வரியும் இந்தத் தனிநபர் கணக்கில்தான் சேரும். அதனால் முழுதும் சம்பளக்காரர் பணம் என்று சொல்லிவிடாதீர்கள்.)

ஒரு மாதச் சம்பளக்காரர்: நான் 30% கட்டுகிறேன், கம்பெனி 22%. அதுவும் அவனுக்குச் செலவெல்லாம் போக மிச்சத்துக்கு. எனக்கு மொத்தச் சம்பளத்துக்கு. இது என்ன நியாயம் சார்?

நல்ல கேள்வி. உங்கள் வாடகை, பெட்ரோல், பிள்ளையின் ஃபீஸ் எல்லாம் சேர்த்து உங்களுக்கு நிலையான கழிவு 75,000 ரூபாய், அதுவும் புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தால். கம்பெனிக்கு வாடகை, வட்டி, தேய்மானம் எல்லாம் கழியும். ஆனால் கம்பெனி வரியோடு கதை முடியவில்லை. 100 ரூபாய் லாபத்தில் 25.17 போனால் மிச்சம் 74.83. அதை டிவிடெண்டாக எடுத்தால், உச்ச வரம்பில் இருக்கும் முதலாளி அதில் 35.88% கட்ட வேண்டும். கையில் வருவது சுமார் 48 ரூபாய்.

அதே சம்பளக்காரர்: யார் சார் டிவிடெண்ட் எடுக்கிறான்? லாபத்தைக் கம்பெனிக்குள்ளேயே வைத்துக்கொள்வான். கார் கம்பெனி பேரில், டிரைவர் கம்பெனி பேரில்.

சரி, மடக்கிவிட்டீர்கள். பணத்தை வெளியே எடுக்காதவரை 25.17-தான். பங்கு விலை ஏறிய பிறகு விற்றால், பட்டியலிட்ட பங்கில் நீண்டகால லாபத்துக்கு 12.5%, மேலே சர்சார்ஜும் செஸ்ஸும். சொந்த உபயோகத்தைக் கம்பெனிச் செலவில் காட்டுவது சட்டப்படி தப்பு. நான் ஆடிட் செய்த ஒரு கம்பெனியில் முதலாளி வீட்டு நாய்க்கு வாங்கிய தீனி ‘பாதுகாப்புச் செலவு’ என்று வந்தது. வெட்டினேன். அடுத்த வருடம் ஆடிட்டரை மாற்றிவிட்டார்கள்.

சிவகாசி, கடைக்காரர்: சம்பளக்காரர் ஒன்றாம் தேதி கையை நீட்டுகிறார். நஷ்டம் வந்தால் அவரா பங்கு போட்டுக்கொள்வார்?

சம்பளக்காரர்: நஷ்டத்தை எட்டு வருடத்துக்கு எடுத்துப்போய்க் கழித்துக்கொள்கிறீர்களே? எனக்கு வேலை போனால் எதைக் கழிப்பது?

இரண்டு பேரும் சரி. போதும், சண்டையை டீக்கடையில் தொடருங்கள்.

திருச்சி: மத்திய அரசு குறைத்தால் தமிழ்நாட்டுக்கு என்ன?

கார்ப்பரேட் வரியும் மாநிலங்களோடு பகிரும் தொகுப்பில் சேர்ந்தது. பதினைந்தாவது நிதிக்குழு மாநிலங்களுக்குச் சொன்ன பங்கு 41%. அடிப்படை வரியைக் குறைத்தால் எல்லா மாநிலத்தின் பங்கும் இளைக்கும். சர்சார்ஜும் செஸ்ஸும் அந்தத் தொகுப்புக்குள் வருவதே இல்லை.

ஈரோடு: கடன் தள்ளுபடி...

கோவில்பட்டிக்குச் சொன்னதுதான்.

சேலம்: வேலை வந்ததா, வரவில்லையா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

அரசின் சொந்தப் பொருளாதார ஆய்வறிக்கையே (2023-24) சொல்கிறது: 33,000-க்கும் மேற்பட்ட கம்பெனிகளில் வரிக்கு முந்தைய லாபம் 2019-20-லிருந்து 2022-23-க்குள் கிட்டத்தட்ட நான்கு மடங்கு, ஆளெடுப்பும் சம்பளமும் அந்த வேகத்தில் ஏறவில்லை. ஒரு வரிக்கு மேல் போய்விட்டது.

தர்மபுரி: அந்த 15% இன்னும் உண்டா?

2024 மார்ச் 31-க்குள் உற்பத்தியைத் தொடங்கியவர்களுக்கு மட்டும். முதலில் 2023 மார்ச் என்றிருந்தது, ஒரு வருடம் நீட்டினார்கள்.

கடலூர்: சார், 22% என்றால் விற்பனையில் 22 சதவீதமா?

லாபத்தில். மேலே முதல் பத்தி.

நாகர்கோவில்: கடன் தள்ளுபடி பற்றி யாரும் பேசமாட்டேன் என்கிறீர்களே?

இரண்டு முறை பேசியாயிற்று. மருந்து சாப்பிடும் நேரம், எழுந்திருக்கிறேன்.