ஐந்து நிமிடம் என்றால் ஐந்து நிமிடமா? – வாசகர் கேள்வி பதில்

பல நாடுகள் கூடிக் கதைக்கும் குழுக்கள் தங்கள் கூட்டம் நடத்தும் முறையை எப்படித் திருத்திக்கொள்கின்றன என்று இம்முறை பல கடிதங்கள் வந்தன. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கி, பெயர்களைத் தவிர்த்து, ஊரை மட்டும் குறித்திருக்கிறோம்.

ஐ.நா. பாதுகாப்புச் சபையைத் திருத்துவது நடக்காத காரியம் என்கிறார்கள். பிறகு ஏன் 'செயல்முறைச் சீர்திருத்தம்' என்று அடிக்கடி செய்தி வருகிறது? கண்துடைப்பா? – நல்லூர்

இரண்டும் வேறு வேறு அலுவல். உறுப்பினர் தொகையையோ, நிரந்தர உறுப்பினர் ஒருவரே தீர்மானத்தைத் தடுக்கும் வீட்டோவையோ மாற்றுவதென்றால் ஐ.நா. சாசனத்தையே திருத்த வேண்டும். பொதுச்சபையில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். பிறகு மூன்றில் இரண்டு பங்கு நாடுகள் அதைத் தங்கள் நாட்டில் ஏற்று உறுதிப்படுத்த வேண்டும். நிரந்தர உறுப்பினர் ஐவரும் அதற்குள் இருந்தாக வேண்டும். சபையின் அளவு இதுவரை ஒரு தடவைதான் மாறியது. 1963இல் தீர்மானம் எடுத்து, 1965இல் 11 பேர் 15 பேர் ஆனார்கள்.

கூட்டம் நடத்தும் முறைக்கு இந்தப் பாடு இல்லை. தன் நடைமுறை விதிகளைச் சபையே வகுத்துக்கொள்ளலாம் என்கிறது சாசனத்தின் 30ஆம் உறுப்புரை. 1946இல் எழுதிய விதிகளுக்கு இன்றைக்கும் 'தற்காலிக விதிகள்' என்றுதான் பெயர். கடைசியாக 1982இல் அரபு மொழியைச் சேர்ப்பதற்காகத் திருத்தினார்கள். அந்தப் புத்தகத்தைத் தொட்டால் எல்லாவற்றையும் திறக்க வேண்டிவரும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அதனால் மாற்றங்கள் 'தலைவரின் குறிப்பு' என்ற வடிவத்தில் பக்கத்து வாசலால் வருகின்றன. 2006இல் யப்பானின் முயற்சியால் வந்த 507ஆம் இலக்கக் குறிப்பு இவற்றில் முக்கியமானது. 2010, 2017, 2024 ஆகிய ஆண்டுகளில் புதுப்பித்தபோதும் அதே இலக்கத்தையே வைத்துக்கொண்டார்கள்.

பலன் கண்ணுக்குத் தெரிகிற ஒரு மாற்றத்தைச் சொல்கிறோம். தற்காலிக உறுப்பு நாடு ஒன்று இரண்டு வருடம்தான் இருக்கும். முன்பு ஒக்டோபர் அளவில் தேர்தல், ஜனவரி முதலாந் திகதி கதிரை. முதல் சில மாதம் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே போய்விடும். 2016 முதல் தேர்தலை ஜூன் மாதத்துக்குக் கொண்டுவந்தார்கள். தெரிவான நாடுகள் ஒக்டோபர் முதலாந் திகதியிலிருந்து கூட்டங்களில் உட்கார்ந்து கவனிக்கலாம். சாசனத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. இதைக் கண்துடைப்பு என்று சொல்ல எங்களுக்கு மனம் வராது.

பாடசாலையில், மாணவர்கள் நாடுகளாக நின்று விவாதிக்கும் மாதிரி ஐ.நா. அமர்வுக்குத் தலைமை தாங்குகிறேன். முதல் பத்துப் பேரும் நேரம் முழுவதையும் எடுத்துவிடுகிறார்கள். மணி அடித்தாலும் நிறுத்துவதில்லை. என்ன செய்யலாம்? – சுண்டிக்குளி மாணவி

மணியில் பிழை இல்லை, தங்கச்சி. கூட்டம் தொடங்க முதலே நேரத்தைப் பங்கிடாததுதான் பிழை.

பாதுகாப்புச் சபையிலும் இதே வியாதி உண்டு. 1957 ஜனவரியில் காஷ்மீர் பற்றி இந்தியப் பிரதிநிதி கிருஷ்ண மேனன் இரண்டு நாளில் ஏறக்குறைய எட்டு மணித்தியாலம் பேசியதை நம்மவர்கள் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள். இப்போது 507ஆம் குறிப்பு ஐந்து நிமிடத்துக்குள் முடிக்கும்படி 'ஊக்குவிக்கிறது'. ஊக்குவிப்பதோடு சரி. சபையில் இல்லாத நாடுகளும் பேசக்கூடிய திறந்த விவாதத்தில் 60 நாடுகள் பேச வந்தால், ஐந்து நிமிடப்படி ஐந்து மணித்தியாலம். ஆளுக்கு எட்டு நிமிடம் எடுத்தால் எட்டு மணித்தியாலம். ஐ.நா. கூட்டமொன்றின் வழக்கமான அளவோ மூன்று மணித்தியாலம்தான்: காலை பத்திலிருந்து ஒன்று, பின்னேரம் மூன்றிலிருந்து ஆறு. ஆறு மொழிக்கும் சேர்த்து 14 உரைபெயர்ப்பாளர்கள் கூண்டுகளில் இருந்து மாறி மாறி வேலை செய்கிறார்கள். அவர்களை அதற்கு மேல் இருத்திவைக்க ஏலாது.

ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை இதற்கு ஒரு நல்ல வழி கண்டது. அங்கே ஒவ்வொரு நாட்டின் நிலைமையையும் முறைவைத்து மீளாய்வு செய்வார்கள். இதைத்தான் பூகோள காலமுறை மீளாய்வு என்கிறோம். 2008இல் தொடங்கிய முதல் சுற்றில், முதலில் பெயர் பதிந்தவருக்கு முதலிடம். விளைவு, பெயர் பதிவதற்காக இராசதந்திரிகள் வரிசையில் நின்றார்கள். பின்னால் நின்ற பல நாடுகளுக்குப் பேசவே வாய்ப்பில்லை. மீளாய்வுக்கு உட்படும் நாடு தன் நட்பு நாடுகளை முன்கூட்டியே வரிசையில் நிறுத்திவிடவும் வழி இருந்தது. 2011இல் பேரவை முறையை மாற்றியது. ஒரு மீளாய்வுக்கு மூன்றரை மணித்தியாலம். அதில் 70 நிமிடம் மீளாய்வுக்கு உட்படும் நாட்டுக்கு, 140 நிமிடம் மற்ற எல்லோருக்கும். பேரவையின் உறுப்பு நாடுகளுக்கு மூன்று நிமிடம், மற்ற நாடுகளுக்கு இரண்டு நிமிடம் கொடுத்து எல்லோரும் அடங்கினால் அப்படியே. அடங்காவிட்டால் எல்லோருக்கும் இரண்டு நிமிடம். அதற்கும் அடங்காவிட்டால் 140 நிமிடத்தைப் பெயர் கொடுத்தவர்களின் தொகையால் பிரிப்பார்கள். 100 நாடுகள் என்றால் ஆளுக்கு 84 செக்கன். 120 நாடுகள் என்றால் 70 செக்கன். ஆங்கில அகர வரிசைதான், ஆனால் எந்த நாட்டிலிருந்து தொடங்குவது என்று சீட்டு எடுப்பார்கள். நேரம் முடிந்தால் ஒலிவாங்கி அணைந்துவிடும்.

இதிலும் ஒரு கோளாறு உண்டு. நேரம் குறையக் குறைய ஆட்கள் வேகமாக வாசிக்கிறார்கள், உரைபெயர்ப்பாளர் பின்தங்குகிறார். வணக்கமும் வாழ்த்தும் சொல்லி முடிக்க ஒலிவாங்கி அணைந்து, கடைசியில் வைத்திருந்த பரிந்துரை அறைக்குள் கேட்காமலே போகிறது. அனுபவமுள்ள பிரதிநிதி பரிந்துரையைத்தான் முதலில் சொல்லுவார்.

உங்கள் அமர்வுக்கு இப்படிச் செய்யுங்கள். பெயர்ப் பட்டியலைக் கூட்டம் தொடங்க முதலே மூடிவிடுங்கள். 60 நிமிடமும் 30 பேரும் என்றால், பதிலளிக்கும் உரிமைக்கு 6 நிமிடத்தை ஒதுக்கி, மிச்சம் 54 நிமிடத்தைப் பிரியுங்கள்: ஆளுக்கு 108 செக்கன். கடிகாரம் எல்லோருக்கும் தெரிய வேண்டும். முதல் தடவை ஒலிவாங்கியை அணைப்பது பெரிய நாட்டுக்கோ உங்கள் சிநேகிதிக்கோ ஆக இருந்தால், பிறகு யாரும் முறைப்பட மாட்டார்கள்.

வீட்டோ போட்ட நாடு காரணம் சொல்ல வேண்டுமா? – பருத்தித்துறை

கட்டாயம் இல்லை. ஆனால் 2022 ஏப்ரலில் லீக்ரென்ஸ்ரைன் என்ற சின்ன ஐரோப்பிய நாடு முன்வைத்து வாக்கெடுப்பின்றி நிறைவேறிய 76/262ஆம் இலக்கப் பொதுச்சபைத் தீர்மானத்தின்படி, வீட்டோ விழுந்து பத்து வேலைநாளுக்குள் பொதுச்சபை கூடி அதை விவாதிக்க வேண்டும். வீட்டோ போட்ட நாட்டுக்குப் பேச்சாளர் பட்டியலில் முன்னிடம் உண்டு. வராமலும் விடலாம், வராத கதிரையையும் எல்லோரும் பார்ப்பார்கள்.

தீர்மானங்களை முதலில் எழுதுவது யார்? – திருநெல்வேலி, பல்கலைக்கழக மாணவர்

கூட்டம் யார் கையில் இருக்கிறது என்று அறிய இதைவிட நல்ல கேள்வி இல்லை. ஒவ்வொரு விடயத்துக்கும் 'பேனா பிடிக்கும்' நாடு ஒன்று இருக்கும். அதுதான் முதல் வரைபை எழுதும், பேச்சுவார்த்தையை நடத்தும். கடந்த பதினைந்து வருடத்துக்கு மேலாகப் பெரும்பாலான பேனாக்கள் அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்ஸ் ஆகிய மூன்றின் கையில். எந்த உறுப்பினரும் பேனா பிடிக்கலாம் என்று 2014இல் தலைவரின் குறிப்பொன்றில் எழுதியே வைத்தார்கள். பழக்கம் அவ்வளவு இலேசில் மாறவில்லை. ஒரு பக்க வரைபை முதலில் மேசையில் வைத்தவனோடு மற்றவர்கள் அவன் சொற்களுக்குள் நின்றுதான் வாதாட வேண்டியிருக்கிறது.

அடுத்த கட்டம் மௌன நடைமுறை. திருத்திய வரைபை அனுப்பி, 'நாளை பிற்பகல் மூன்று மணி வரை மௌனம்' என்று அறிவிப்பார்கள். அதற்குள் யாரும் எதிர்த்து எழுதாவிட்டால் வாசகம் உடன்பாடு ஆகிவிட்டதாகக் கொள்வார்கள். ஒருவர் எழுதினால் மௌனம் உடைந்தது, திரும்பவும் பேச்சு. நேரத்தை மிச்சம் பிடிக்கும் அருமையான முறைதான். ஆனால் தலைநகரத்திடம் அறிவுறுத்தல் கேட்டுப் பதில் வர முதல் காலக்கெடு முடிந்தால், சின்னத் தூதரகத்தின் மௌனமும் சம்மதமாக எண்ணப்படும். எனவே எவ்வளவு நேரம் கொடுக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு என்பது நல்ல முறைதானே? – காரைநகர்

முடிவின் பொருளுக்கு நல்லது. நிகழ்ச்சி நிரலுக்கும் அதே விதியை வைத்தால் கூட்டமே படுத்துவிடும். ஜெனீவாவில் 65 நாடுகள் கொண்ட ஆயுதக் களைவு மாநாடு அதற்குச் சாட்சி. 1996இல் அணுச் சோதனைத் தடை உடன்படிக்கைப் பேச்சு முடிந்த பிறகு அங்கே புதிதாக ஒரு உடன்படிக்கையும் உருவாகவில்லை. வேலைத்திட்டத்தை ஏற்பதற்கும் எல்லோருடைய சம்மதமும் வேண்டும். 2009 மே மாதம் ஒன்றை ஏற்றார்கள்; அதையும் நடைமுறைப்படுத்த முடியவில்லை. நாடுகளுக்கு விருப்பமில்லாததுதான் மூலகாரணம், அதை மறைக்கத் தேவையில்லை. என்றாலும் விருப்பமில்லாதவனுக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தது அந்த விதி.

எங்கள் அமைப்பு காலமுறை மீளாய்வுக்கு அறிக்கை அனுப்ப விரும்புகிறது. ஐ.நா.வில் பதிவு இல்லை. அனுப்பலாமா? – சாவகச்சேரி

அனுப்பலாம், ஐ.நா.வில் பதிந்த அமைப்புகளுக்குக் கிடைக்கும் ஆலோசக அந்தஸ்து தேவையில்லை. இலங்கை 2008, 2012, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் மீளாய்வுக்கு வந்தது. அறிக்கைகளுக்கான காலக்கெடு மீளாய்வுக்குப் பல மாதம் முன்னரே முடிந்துவிடும். தனி அமைப்பு என்றால் 2,815 சொல், பல அமைப்புகள் சேர்ந்து அனுப்பினால் 5,630 சொல். ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் ஆகிய மூன்றில் ஒன்று. வேர்ட் கோப்பாக அனுப்புங்கள், பந்திகளுக்கு இலக்கம் போடுங்கள்.

எங்கள் ஆட்கள் விடும் பிழை வரலாற்றில் தொடங்குவது. ஒரு நாட்டைப் பற்றி அமைப்புகள் அனுப்பும் எல்லா அறிக்கைகளையும் ஐ.நா. அலுவலகம் பத்துப் பக்கச் சுருக்கமாக்கும். உங்களுக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு வசனம். அந்த வசனத்தை நீங்களே எழுதி முதல் பந்தியில் வையுங்கள். சென்ற சுற்றில் அரசு ஏற்றுக்கொண்ட பரிந்துரை எது, அதில் என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை, எந்த மாதம், எந்தப் பிரதேச செயலகப் பிரிவு என்று எழுதுங்கள்.

எங்கள் பழைய மாணவர் சங்கத்துக்கு லண்டன், ரொறன்ரோ, மெல்பேண் கிளைகள். ஸூம் கூட்டம் மூன்று மணித்தியாலம் போகிறது, ஒரு முடிவும் வருவதில்லை. பெரிய குழுக்களிடமிருந்து என்ன எடுக்கலாம்? – மானிப்பாய், சங்கச் செயலாளர்

நேரத்திலிருந்து தொடங்குவோம். யாழ்ப்பாண நேரம் பின்னேரம் 5 மணி என்றால், ஜூலையில் லண்டனில் பகல் 12.30, ரொறன்ரோவில் காலை 7.30, மெல்பேணில் இரவு 9.30. ஜனவரியில் அதே 5 மணி லண்டனில் 11.30, ரொறன்ரோவில் காலை 6.30, மெல்பேணில் இரவு 10.30. நம் கடிகாரம் மாறாது. அவர்களுடையது மாறும், அதுவும் ஒரே கிழமையில் மாறாது. ரொறன்ரோ மார்ச் இரண்டாம் ஞாயிறு, லண்டன் மார்ச் கடைசி ஞாயிறு, மெல்பேண் ஏப்ரல் முதல் ஞாயிறு. அந்த மூன்று நாலு கிழமைக்குள் கூட்டம் வைக்காதீர்கள். வைத்தால் நாலு ஊர் நேரத்தையும் அழைப்பிலேயே எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் மெல்பேண்காரரே நித்திரை முழித்தால் ஒரு வருடத்தில் அந்தக் கிளை வராமல் விடும். நேரத்தைச் சுழற்றுங்கள், தலைமையையும் சுழற்றுங்கள். பாதுகாப்புச் சபைக்கு மாதம் ஒரு தலைவர்.

ஏழு நாளுக்கு முன் வரைபு போக வேண்டும். 'புலமைப்பரிசில் பற்றி' என்று நிகழ்ச்சி நிரலில் எழுதினால் ஒரு மணித்தியாலம் கதை மட்டும் நடக்கும். 'பத்து மாணவருக்கு மாதம் இவ்வளவு ரூபா, இந்தக் கணக்கிலிருந்து, இந்தத் திகதி முதல்' என்று எழுதினால் திருத்தம் மட்டும் கேட்பார்கள். வரைபை எழுதும் பொறுப்பையும் கிளைக்குக் கிளை மாற்றுங்கள். காசு அனுப்பும் கிளையே எப்போதும் பேனா பிடித்தால் என்ன நடக்கும் என்று மேலே சொன்னோம்.

சின்ன விடயங்களுக்கு மௌன நடைமுறை: வட்ஸ்அப்பில் போடாமல் மின்னஞ்சலில், 72 மணித்தியாலம். வட்ஸ்அப்பில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே முடிவு காணாமல் போகும். காசு, யாப்புத் திருத்தம், ஆளை நீக்குதல் ஆகிய மூன்றையும் மௌனத்துக்கு விடவே கூடாது. அவற்றுக்கு எழுத்து வாக்கு வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனாவால் கூட முடியாதபோது பாதுகாப்புச் சபையும் அதைத்தான் செய்தது: உறுப்பினர்கள் 24 மணித்தியாலத்துக்குள் வாக்கை எழுத்தில் அனுப்பினார்கள், தலைவர் முடிவைக் காணொளியில் அறிவித்தார். உங்களுக்கு 24 போதாது. உங்கள் யாப்பில் மின்னஞ்சல் வாக்குக்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் பொதுக்கூட்டத்தில் ஒரு திருத்தம் போட்டபின் தொடங்குங்கள். இல்லையென்றால் தோற்ற பக்கம் எல்லா முடிவையும் செல்லாது என்று சொல்லும்.

கூட்ட நடப்பெண்ணை, அதாவது முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள் இருக்கிறார்களா என்பதை, தொடக்கத்தில் மட்டும் எண்ணாமல், ஒவ்வொரு வாக்குக்கும் முன் எண்ணுங்கள். ஸூமில் பெயர் இருக்கும், ஆள் சமையலறையில் இருப்பார். போசகர் உரையை வேண்டுமானால் கடைசிக்குத் தள்ளுங்கள். கோபிப்பார், பிறகு பழகிவிடும்.

அறிக்கையில் யார் என்ன சொன்னார் என்று எழுதத் தேவையில்லை. முடிவு, பிரேரித்தவர், ஆமோதித்தவர், செய்ய வேண்டியவர், திகதி. இந்த ஐந்தையும் கூட்டம் நடக்கும்போதே திரையில் எல்லோருக்கும் தெரிய எழுதி, வாசித்துக் காட்டி, அதன் பின்தான் அடுத்த விடயத்துக்குப் போங்கள். இரண்டு நாளைக்குள் அனுப்பிவிடுங்கள்; திருத்தம் சொல்ல ஒரு கிழமை. 'செய்ய வேண்டியவர்' என்ற இடத்தில் 'குழு' என்று எழுதாதீர்கள், ஒரு ஆளின் பெயரை எழுதுங்கள்.