வலது கைக்காரருக்கு இடது கட்டைவிரலில் ஏன் வலி?

கேள்வி: எனக்கு வயது 43. ஈரோட்டில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். நான்கு வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டு வருடம் முன்பு பரணில் கிடந்த பழைய வீடியோ கேமைத் தூசு தட்டி எடுத்ததில் ஆசை பிடித்துக்கொண்டது. சூப்பர் நின்டெண்டோ, சேகா மெகா டிரைவ், நின்டெண்டோ 64 என்று இப்போது ஏழெட்டு சேர்ந்துவிட்டன. அதற்காகவே ஒரு பழைய பிக்சர் டியூப் டி.வி.யும் வாங்கினேன். கடையை மூடிவிட்டு வந்து இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தால் எழும்போது ஒன்றரை ஆகிவிடுகிறது. இரண்டு மாதமாக இடது கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டு ஓரத்தில் சுரீர் என்று வலி. டம்ளரைத் தூக்கினாலே உயிர் போகிறது. நான் வலது கைக்காரன், இடது கையில் ஏன் வர வேண்டும்? நரம்புத் தளர்ச்சியா, சர்க்கரையா? அந்த டி.வி.யின் கதிர்வீச்சு என் ஒன்பது வயது மகளைப் பாதிக்குமா? 'இந்த வயசுல இதெல்லாம் ஒரு வியாதி' என்கிறார் மனைவி. அது உண்மையா?

பதில்: மனைவி சொன்னதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் கையைப் பார்ப்போம்.

துணி அளப்பது, கத்தரிப்பது, பில் போடுவது எல்லாம் உங்களுக்கு வலது கை வேலை. ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்ததும் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. வலது கட்டைவிரல் குதிக்க ஒரு தட்டு, சுட ஒரு தட்டு என்று விட்டுவிட்டு வேலை செய்யும். இடது கட்டைவிரலோ அந்தக் கூட்டல் குறி பட்டன் மேல் ஏறி உட்கார்ந்தால் ஆட்டம் முடியும் வரை இறங்காது. நின்டெண்டோவில் இருந்த குன்பெய் யோகோய் 1982இல் ஒரு கையடக்க விளையாட்டுக்காக அமைத்த பட்டன் அது. அடுத்த வருடம் நின்டெண்டோவின் வீட்டு கேம் பெட்டியான ஃபேமிகாமில் ஏறியது, பிறகு எல்லோரும் அதே வழியில் போனார்கள். விரலை நகர்த்தாமலே நான்கு திசைக்கும் போகலாம் என்பதுதான் அதன் அழகு. தசையை எலும்போடு கட்டும் தசைநாணுக்கு அதுவே வினை. விரல் அந்தரத்தில் நின்றபடி நாலா பக்கமும் சாய்ந்துகொண்டே இருக்கிறது.

கட்டைவிரலை விரித்துத் தூக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டு ஓரத்தில் ஒரு குறுகிய உறைக்குள் போகின்றன. சைக்கிள் பிரேக் கம்பி அதன் குழாய்க்குள் ஓடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயின் உட்புறம் தடித்துவிட்டால் கம்பி உரசும், வலிக்கும். டி குவெர்வெய்ன் என்ற சுவிஸ் அறுவை மருத்துவர் 1895இல் இதை விவரித்தார், நோய்க்கும் அவர் பெயரே நின்றுவிட்டது. என்னிடம் இதற்காக அதிகம் வருபவர்கள் கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி வலி வந்த தாய்மார்கள்தான். ஆனால் வீடியோ கேமுக்கும் இதில் பழைய பங்கு உண்டு. 1990இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழுக்கு ஒரு மருத்துவர் கடிதம் எழுதினார். இடைவிடாமல் ஐந்து மணி நேரம் நின்டெண்டோ ஆடிவிட்டுக் கட்டைவிரல் வலியோடு வந்த ஒருவரைப் பற்றிய கடிதம் அது. தசைநாண் அழற்சியைக் குறிக்கும் 'டெண்டினைட்டிஸ்' என்ற சொல்லோடு ஒட்டி, 'நின்டெண்டினைட்டிஸ்' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்தார். அந்த நோயாளி பள்ளிப் பையன் இல்லை, 35 வயதுப் பெண்மணி.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். இடது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற நான்கு விரல்களால் மூடிக்கொள்ளுங்கள். அப்படியே மணிக்கட்டை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாயுங்கள். வலது கையிலும் இதையே செய்யுங்கள். லேசான இழுப்பு யாருக்கும் வரும். இடது கையில் மட்டும் 'அம்மா' என்று கத்த வைத்தால் பெரும்பாலும் இதுதான். எலும்பு மூட்டுத் தேய்மானமும் அதே இடத்தில் வலிக்கும் என்பதால், ஒரு மருத்துவர் விரலால் அழுத்திப் பார்த்து உறுதி செய்யட்டும்.

'நரம்புத் தளர்ச்சி' என்ற சொல்லை மறந்துவிடுங்கள். நம் ஊரில் எந்த வலிக்கும் மாட்டப்படும் சட்டை அது. நரம்பு அழுத்தப்பட்டால் கட்டைவிரல், ஆட்காட்டி, நடுவிரல் மூன்றும் மரத்துப்போகும், நடுராத்திரியில் எழுந்து கையை உதறுவீர்கள். அப்படி எதையும் நீங்கள் எழுதவில்லை. ஆனால் சர்க்கரைக்குப் பங்கு உண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தசைநாண் உறைகள் எளிதில் தடிக்கும், மெதுவாகத்தான் ஆறும். மூன்று மாதச் சராசரி சர்க்கரைப் பரிசோதனையைச் செய்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

மருந்துக் கடையில் வெறும் மணிக்கட்டுப் பட்டை வாங்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள். கட்டைவிரலையும் சேர்த்து அசையாமல் பிடிக்கும் பட்டை வேண்டும், மூன்று முதல் ஆறு வாரம் வரை. டைக்ளோஃபெனாக் ஜெல்லை மேலே தடவலாம். துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம் வைக்கலாம். தைலம் போட்டு அழுத்தி நீவுவது வேண்டாம், உரசலால் வந்ததை மேலும் உரசுவது அது. வலி மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்க வேண்டாம், சர்க்கரைக்காரரின் சிறுநீரகத்துக்கு அது ஆகாது. இவற்றுக்கு அடங்காவிட்டால் உறைக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி போடுவோம். பெரும்பாலோருக்கு அதிலேயே சரியாகிவிடும். ஊசி போட்ட பிறகு சில நாள் சர்க்கரை ஏறும், பயப்படாமல் அளந்து பாருங்கள். அறுவை சிகிச்சை வரை போகிறவர்கள் குறைவு.

மூன்று வாரம் எந்த கேமும் வேண்டாம். அதற்குப் பிறகு ஆடலாமா என்றால், தாராளமாக. நானும் அந்தக் காலத்தில் '9999 இன் 1' கேசட்டை நம்பி ஏமாந்தவன்தான். திரும்பத் திரும்ப அதே பத்து கேம்தான் வரும். யோசித்துப் பாருங்கள், பத்து வயதில் நாம் மூன்றரை மணி நேரம் ஒரே மூச்சில் ஆடியதே கிடையாது. கரண்ட் போகும். சீரியல் நேரம் வந்தால் டி.வி. பாட்டிக்குப் போகும். 'அடாப்டர் சுடுது' என்று அம்மா பிடுங்கி வைப்பார். எல்லாவற்றுக்கும் மேல், ஒரு லைஃப் போனால் ஜாய்ஸ்டிக் பக்கத்து வீட்டுப் பையன் கைக்குப் போய்விடும். கட்டைவிரலுக்குக் கிடைத்த ஓய்வெல்லாம் அப்படிக் கிடைத்ததுதான். இன்று உங்களை எழுப்ப யாரும் இல்லை. ஆகவே அதே சட்டத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள்: ஒரு லைஃப் போனால் மகள் முறை. ஆட ஆரம்பிக்கும்போது விளிம்பு கூர்மையான பழைய செவ்வக ஜாய்ஸ்டிக்கை விட்டுவிட்டு, சூப்பர் நின்டெண்டோவின் உருண்டையானதை எடுங்கள். நின்டெண்டோ 64இன் நடுக்குச்சியை உள்ளங்கையால் வைத்துச் சுழற்ற வைக்கும் 'மரியோ பார்ட்டி' பக்கம் போகவே வேண்டாம். அதில் அமெரிக்கப் பிள்ளைகளின் கை கொப்பளித்துப் புண்ணாகி, 2000இல் நியூயார்க் அட்டர்னி ஜெனரலோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி நின்டெண்டோ கையுறை கொடுக்க முன்வந்தது.

மகள் விஷயம். பிக்சர் டியூப் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கும், உள்ளே உண்டாகும் எக்ஸ் கதிரை அது தடுத்துவிடும். கதிர்வீச்சை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு பயம் வேறு. 21 அங்குல டி.வி. இருபது கிலோவுக்கு மேல் இருக்கும், அந்தக் கனம் முழுக்க முன்பக்கம். ஆடும் ஸ்டூலில் வைத்தால் பிள்ளை மேல் கவிழும், தாழ்வான பலமான மேசை வேண்டும். பின்மூடியை நீங்கள் கழற்றவே கூடாது. உள்ளே இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபில் மின்சாரம் தங்கியிருக்கும். வெளிச்சம் மின்னி மின்னி வலிப்பு வருவது வலிப்பு நோயாளிகளிலேயே நூற்றில் மூன்று பேருக்குத்தான். மகளுக்கு வலிப்பு வந்ததில்லை என்றால் அறை விளக்கைப் போட்டு, ஆறேழு அடி தள்ளி உட்கார வைத்தால் போதும்.

இப்போது மனைவி சொன்னது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 'விளையாட்டுக் கோளாறு' உண்மையாகவே இருக்கிறது, 2022 முதல் நடைமுறையில். அதில் வயதுக் கணக்கு இல்லை. நிறுத்த நினைத்தும் முடியாமை, மற்ற வேலைகளை எல்லாம் பின்னுக்குத் தள்ளுவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, இவை பொதுவாகப் பன்னிரண்டு மாதம் நீடித்திருக்க வேண்டும். நீங்கள் நேரத்துக்குக் கடை திறக்கிறீர்கள், மகளோடு பேசுகிறீர்கள் என்றால் இது வியாதி இல்லை. ஆனால் இரண்டு விஷயம். இரவு ஒன்றரை மணிக்குப் படுப்பது உங்கள் சர்க்கரையை ஏற்றும், பதினொன்றுக்குப் படுத்தே ஆக வேண்டும். அப்புறம், கேம் பார்சல்கள் வீட்டு முகவரிக்கு வருகின்றனவா, கடை முகவரிக்கா? விலையை மனைவியிடம் பாதியாகச் சொல்கிறீர்களா? ஆம் என்றால் அவர் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது, நேரில் வாருங்கள், பேசுவோம்.

நீங்கள் எழுதாத ஒன்று: கேசட்டை ஊதுவீர்கள் என்று எனக்குத் தெரியும். ஊதினால் எச்சில் ஈரம் பட்டுச் செம்பு முனைகள் அரிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, ஐந்து நிமிடம் காய விடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், கொசுவத்தி பக்கத்தில் எரிய வேண்டாம். துடைப்பதையும் இப்போதைக்கு வலது கையாலேயே செய்யுங்கள்.