கேள்வி – பதில்: பெரட்டு இல்லாத இடத்தில் முதலாண்டு

பல்கலைக்கழக இடம் கிடைத்த செய்தி வீடுகளுக்கு வந்து சேர்ந்த கையோடு, மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்குமேல் முதலாண்டைப் பற்றியவையாகவே இருந்தன. அவற்றுள் மூன்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார், அம்மா உதிர்ந்த பழம் பொறுக்குகிறார். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போகும் முதல் ஆள் நான். பாங்கியில் உள்ள தேசியப் பல்கலைக்கழகத்தில் அறிவியல் துறையில் இடம் கிடைத்திருக்கிறது. முதலாண்டை விளையாட்டாகக் கழிக்கலாம், இரண்டாம் ஆண்டிலிருந்து படித்தால் போதும் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
– மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: உண்மையில்லை, மகளே. அப்படிச் சொல்லும் சீனியர்களிடம் அவர்களுடைய முதலாண்டுத் தேர்வு முடிவுகளைக் காட்டச் சொல்லிக் கேட்டுப் பார், பேச்சை மாற்றிவிடுவார்கள்.

பள்ளியில் ஒரு பாடத்துக்கு வாரத்தில் இத்தனை பாடவேளை என்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. பல்கலைக்கழகத்தில் கிரெடிட் என்றொரு கணக்கு இருக்கிறது. அதன் பொருளைப் பட்டமளிப்பு நாள்வரை விசாரிக்காத மாணவர்களும் உண்டு. நம் நாட்டின் தகுதிக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்பது மாணவர் செலவிட வேண்டிய 40 மணி நேரக் கற்றல். அப்படியானால் மூன்று கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 120 மணி நேரம். வாரம் மூன்று மணி நேரம் வீதம் 14 வாரங்களுக்கு நீ விரிவுரையிலும் டியூட்டோரியலிலும் உட்காரும் நேரம் 42 மணிதான். மீதி 78 மணி நேரம் எந்த அட்டவணையிலும் அச்சாகி வராது. அதை நீயே கண்டுபிடித்து உட்கார வேண்டும். பாடத்துக்கு வாரம் ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம் என்று வைத்தால், இப்படிப்பட்ட ஐந்து பாடங்களை எடுக்கும் மாணவிக்கு வகுப்பையும் சேர்த்து வாரம் 43 மணி நேரம் ஆகிறது. உன் தந்தையின் வேலை நேரத்தைப் போன்ற முழுநேர உழைப்பு இது. வேறுபாடு என்னவென்றால், அவருக்கு விடியுமுன் பெரட்டு, அதாவது தோட்டத்து ஆள் கணக்கெடுப்பு, உண்டு. வராதவர் யார் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கேட்பார். பல்கலைக்கழகத்தில் வருகைப் பதிவு எடுப்பார்களே ஒழிய, உனக்குப் பாடம் விளங்கியதா என்று யாரும் பெரட்டு எடுப்பதில்லை.

அந்த 78 மணி நேரத்தை எப்படிச் செலவிடுவது என்பதில்தான் நம் பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். குறிப்பேட்டை வண்ணப் பேனாவால் கோடிட்டுத் திரும்பத் திரும்பப் படிப்பது படித்த திருப்தியைக் கொடுக்கும். நினைவில் நிற்பது குறைவு. விரிவுரை முடிந்த அன்று மாலையே குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளில் நினைவிலிருப்பதை மட்டும் எழுதிப் பார். எழுத முடியாமல் நின்ற இடம் எதுவோ அதுதான் நீ படிக்க வேண்டிய இடம். கற்றது முதல் நாளிலேயே வேகமாக மறந்து, பிறகு மறதி மெதுவாகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்காஸ் தம்மையே சோதனைப் பொருளாக்கி 1885-ல் எழுதி வைத்தார். ஆகவே அன்றைய பாடத்தை அன்றே ஒரு முறையும், அந்த வார இறுதியில் ஒரு முறையும், தேர்வுக்கு முன் ஒரு முறையும் எழுதிப் பார்ப்பது, தேர்வுக்கு முதல் நாள் இரவு விடிய விடியப் படிப்பதைவிடப் பலமடங்கு பயன் தரும்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியில் மலாயில் படித்து வந்த உனக்கு, பாடநூல்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கும்போது முதல் மாதம் மூச்சு முட்டும். உன் அறிவில் குறை ஒன்றுமில்லை. பழக்கம் போதவில்லை, அவ்வளவுதான். விரிவுரைக்கு முந்தைய இரவே அந்த அத்தியாயத்தின் தலைப்புகளையும் படங்களையும் பார்த்துக்கொண்டு போனால், மறுநாள் காதில் விழும் சொற்கள் புதியவையாக இரா. புரிந்ததா என்பதற்கு என்னிடம் ஒரு சோதனை இருக்கிறது: ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது அந்தப் பாடத்தைத் தமிழில் உன் தாய்க்கு விளக்கிப் பார். அவர் இடைமறித்து ஏதாவது கேட்டால் இன்னும் நல்லது.

விரிவுரையாளரின் அறைக்குப் போகத் தயங்காதே என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை, ஆனாலும் சொல்கிறேன். என் முதலாண்டில் ஒரு கணிதப் பாடம் மூன்றாம் வாரத்திலேயே கைநழுவிவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அந்த விரிவுரையாளரின் அறை வாசல்வரை போனேன். கதவில் மாணவர்களைச் சந்திக்கும் நேரம் குறித்த சிறு தாள், ஒரு மூலை பிய்ந்து, ஒட்டப்பட்டிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. தேநீர்க் கோப்பையில் கரண்டி படும் ஒலியும் கேட்டது. அந்தத் தாளை மூன்று முறை படித்தேன், என்ன கேட்பது என்று மலாயில் ஒரு வாக்கியம் அமைத்துப் பார்த்தேன், திரும்பி வந்துவிட்டேன். மறுபடி போனது பன்னிரண்டாம் வாரத்தில். அவர் திட்டவில்லை. “இவ்வளவு நாள் எங்கே இருந்தாய்?” என்று மட்டும் கேட்டார். பெரியவர்களை அண்டிப் பேசக்கூடாது என்று தோட்டத்து எழுத்தரான கிராணியின் அலுவலக வாசலில் கற்றுக்கொண்ட அடக்கம் எனக்கு ஒரு பாடத்தின் மதிப்பெண்ணைக் கெடுத்தது. நீ போகும்போது, “ஒன்றும் புரியவில்லை” என்று சொல்லாமல், நீ முயன்ற கணக்கை எந்த வரியில் நின்றாயோ அந்த வரியோடு எடுத்துப் போ.

நூலகத்தில் உனக்கென ஒரு நாற்காலியை முதல் வாரத்திலேயே பிடித்துக்கொள். (1950-களில், மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தமிழ் நூல்கள் வாங்க ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் நிதி திரட்டியபோது, ரப்பர் பால் வெட்டும் கைகளும் ஆளுக்கொரு வெள்ளி (டாலர்) கொடுத்தன. பல்கலைக்கழக நூலகம் நமக்கு அந்நிய இடம் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்வதுண்டு.) கழகங்களைப் பொறுத்தவரை முதலாண்டில் ஒன்றில் சேர், உறுப்பினராக இரு. செயலாளர் பதவி அடுத்த ஆண்டும் காலியாகத்தான் இருக்கும்.

கேள்வி: மகனுக்கு பி.டி.பி.டி.என். (அரசின் உயர்கல்வி நிதிக் கழகம்) கடன் கிடைக்கும் என்கிறார்கள். தவணைப் பணம் மொத்தமாகக் கைக்கு வந்தால் செலவழித்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. நான் தோட்டத்து லாரி ஓட்டுநர். இடையில் பணம் அனுப்ப இயலாது.
– தந்தை, சுங்கை சிப்புட்

பதில்: ஐயா, உங்கள் பயம் நியாயமானது. பணம் மாதச் சம்பளம் போல வராமல் பருவத்துக்கு ஒரு முறை வருவதால், முதல் மாதத்தில் எல்லாரும் செல்வந்தர்கள். வந்த அன்றே பருவக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் கழித்துவிட்டு, மீதியைப் பருவத்தின் வாரங்களால் வகுக்கச் சொல்லுங்கள். செலவுக்கு ஒரு கணக்கு, சேமிப்புக்கு ஒரு கணக்கு என்று இரண்டு வைத்து, ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு வாரப் பணத்தை மட்டும் செலவுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளட்டும். முதல் தவணை தாமதமாகவும் வரக்கூடும். ஆகவே முதல் மாதச் சாப்பாட்டுக்கும் பேருந்துக்கும் கையில் ஏதேனும் கொடுத்து அனுப்புங்கள்.

இது கடன் என்பதை அவனுக்கு அடிக்கடி நினைவூட்டுங்கள். ஆண்டுக்கு 1 விழுக்காடு உஜ்ரா என்னும் சேவைக் கட்டணம் சேரும். படிப்பு முடிந்தபின் திருப்பிக் கட்ட வேண்டும். முதல் வகுப்புச் சிறப்புத் தேர்ச்சி பெறுவோர் நிபந்தனைகளுக்கு உட்பட்டு விலக்குக் கோரலாம். அந்த நிபந்தனைகளை மகன் இப்போதே படித்துவிட வேண்டும்; கடைசிப் பருவத்தில் படிப்பது பரிசு முடிந்த லாட்டரிச் சீட்டைப் பார்ப்பது போன்றது.

கேள்வி: முதல் பருவத்தில் 16 கிரெடிட் எடுத்து, 4.00-க்கு 2.08 தரப்புள்ளிச் சராசரி வாங்கியிருக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இனி ஒன்றும் செய்ய முடியாது என்று தோன்றுகிறது.
– பெயர் வெளியிட விரும்பாத மாணவன்

பதில்: தம்பி, தோன்றுவதை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். பட்டப் படிப்புக்கு மொத்தம் 120 கிரெடிட் என்று கொள். இறுதியில் 3.00 வேண்டுமானால், எஞ்சிய 104 கிரெடிட்டிலும் சராசரி 3.14 எடுத்தால் போதும். அது எட்டாத உயரமன்று. 3.50 வேண்டுமானால் 3.72 தேவை, கடினம், ஆனால் கதவு மூடவில்லை. அடுத்த பருவமும் 16 கிரெடிட்டில் 2.08 என்றே போனால், 3.00 எட்டுவதற்கு எஞ்சியவற்றில் 3.33 எடுக்க வேண்டியதாகிவிடும். ஒவ்வொரு பருவமும் தாமதிக்கத் தாமதிக்க விலை ஏறுகிறது. மேலும் 2.00-க்குக் கீழே இறங்கினால் கண்காணிப்பு நிலை என்ற தொல்லை வரும். நீ அதன் விளிம்பில் நிற்கிறாய்.

எந்தப் பாடம் இந்த எண்ணைக் கீழே இழுத்தது என்று முதலில் பார். ஒரே பாடமா, எல்லாமா? ஒரே பாடமென்றால் அதை மீண்டும் எடுத்து மதிப்பெண்ணைத் திருத்த உன் பல்கலைக்கழக விதிகள் இடம் தருகின்றனவா என்று கையேட்டில் தேடு. எல்லாப் பாடமுமே என்றால், நேரம் எங்கே போனது என்று ஒரு வாரம் நேர்மையாக எழுதி வை. அந்தத் தாளையும் தேர்வு முடிவையும் எடுத்துக்கொண்டு உன் கல்வி ஆலோசகரைப் பாடப் பதிவு தொடங்குமுன் சந்தி. அடுத்த பருவத்துக்குப் பாடங்களைக் குறைத்துக்கொள்ளலாமா என்று அவரிடமே கேள்.

வீட்டில் சொல்லாமல் இருப்பது உன்னைக் காப்பாற்றவில்லை. சுங்கை சிப்புட்டுக்கு ரயிலேறி, நேரில் சொல். அப்பா கோபித்தால் கோபிக்கட்டும்; 3.14 என்ற எண்ணையும் அவரிடம் சொல்லிவிட்டு, அடுத்த பருவ முடிவு வந்ததும் எனக்கு எழுது.