வாசகர் கேள்வி: பிலாலுக்குப் பிறகு யார்?

கேள்வி: எங்கள் பாடசாலை மீலாத் விழாவில், நபிகளின் கறுப்பினத் தோழரும் முதன்முதலில் பாங்கு சொன்னவருமான பிலால் (ரலி) அவர்களின் கதையைச் சொன்னோம். முடிந்ததும் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், “அவருக்குப் பிறகு கறுப்பு ஆக்கள்ல வேற யாரும் இல்லையா டீச்சர்?” என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அரேபியர் கொண்டுபோய்க் கொடுத்த இஸ்லாத்தைத்தானே ஆப்பிரிக்கர் வாங்கிக்கொண்டார்கள்?
– ஓர் ஆசிரியை, மஸ்கெலியா

பதில்: டீச்சர், முதலில் அந்தப் பிள்ளையை எனக்காக ஒருதரம் தட்டிக்கொடுங்கள். கம்பளையில் முப்பது வருஷம் சரித்திரம் படிப்பித்தவள் நான். ஒரு பிள்ளைகூட என்னிடம் இதைக் கேட்டதில்லை.

முதலில் கொடுத்தவர்கள் ஆப்பிரிக்கர்கள்தான். மதீனாவில் பள்ளிவாசல் எழும்ப முன்னமே, 615 அளவில், மக்காவின் கொடுமை தாங்காத முஸ்லிம்கள் கடல் கடந்து அபிசீனியாவில், அதாவது இன்றைய எத்தியோப்பியப் பக்கத்தில், தஞ்சம் புகுந்தார்கள். பிடித்துப்போக மக்காவிலிருந்து ஆள் வந்தது. தஞ்சம் புகுந்தவர்களில் ஒருவரான ஜஃபர் (ரலி) குர்ஆனின் மர்யம் சூராவை (அத்தியாயத்தை) ஓதிக்காட்ட, அந்நாட்டின் கிறிஸ்தவ அரசர் நஜ்ஜாஷி அழுதார். அவர்களைக் கையளிக்க மறுத்துவிட்டார். பிற்காலத்தில் அவர் மறைந்த சேதி கேட்டு, நபிகள் மதீனாவிலிருந்தே அவருக்காக ஜனாஸா, அதாவது இறந்தவருக்கான தொழுகை, தொழுவித்தார்கள்.

அடுத்ததாக, உங்கள் ஊரில் நின்று பார்த்தாலே தெரிகிற மலையைப் பற்றி அவனிடம் சொல்லுங்கள். நீங்கள் சிவனொளிபாதம் என்பீர்கள், நாங்கள் பாவா ஆதம் மலை என்போம். 1344இல் மொரோக்கோ பயணி இப்னு பதூதா சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அதில் ஏறினார். கொழும்பில் கடலதிகாரி ஒருவரிடம் ஐந்நூறு அபிசீனியர் இருந்ததையும் எழுதிவைத்தார். அதே மனிதர் 1352இல் சகாராவைக் கடந்து மாலி நாட்டுக்குப் போனார். அங்கே வெள்ளிக்கிழமை நேரத்தோடு போகாவிட்டால் பள்ளியில் இடம் கிடைக்காதாம். ஒரேயொரு பழஞ்சட்டை வைத்திருப்பவனும் அதைத் துவைத்துச் சுத்தமாக்கி உடுத்துக்கொண்டுதான் ஜும்ஆவுக்கு வருவானாம். எனக்கு அந்த இடம் வாசிக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கும். என் வாப்பாவிடமும் வெள்ளிக்கிழமைக்கென்று ஒரு வெள்ளைச் சட்டைதான் இருந்தது.

மாலியின் மன்சா மூஸா 1324இல் ஹஜ்ஜுக்குப் போகும் வழியில் கெய்ரோவில் அள்ளிக்கொடுத்த தங்கம் பலருக்கும் தெரிந்த கதை. எனக்குத் தங்கத்தைவிட மாலியின் திம்புக்து நகரத்து ஏடுகள்தான் பெரிது.

ஒன்றை மறைக்கக்கூடாது. முஸ்லிம் வணிகர்களும் ஆப்பிரிக்கரைப் பிடித்து விற்றார்கள், சகாரா வழியாகவும் இந்து சமுத்திரம் வழியாகவும். கறுப்பராக இருப்பதனால் மட்டும் ஒருவர் அடிமையாகிவிட மாட்டார் என்று 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதிவைத்தவர் அஹ்மத் பாபா, திம்புக்துவின் அறிஞர். அவர் அடிமைமுறையையே ஒழிக்கச் சொல்லவில்லை; ஆனாலும் நிறத்தைக் காரணமாக்க விடவில்லை.

கடைசியாக உமர் இப்னு ஸையித். செனகல் ஆற்றங்கரையின் ஃபூட்டா தோரோவில் பிறந்து, இருபத்தைந்து வருஷம் ஓதிப்படித்தவர். 1807இல் பிடித்து, கப்பலேற்றி, அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில் விற்றார்கள். கிறிஸ்தவரானார் என்று அங்குள்ளவர்கள் சொன்னார்கள். அறிஞர்கள் இன்னும் அதை விவாதிக்கிறார்கள். 1831இல் தன் வாழ்க்கையை அரபியில் பதினைந்து பக்கம் எழுதினார். அவர் எடுத்த எடுப்பில் எழுதியது முல்க் சூரா. ஆட்சியெல்லாம் இறைவன் கையில் என்று தொடங்கும் சூரா அது. எழுதிக்கொண்டிருந்தவருக்கோ ஓர் எஜமான் இருந்தான்.

என் உம்மா படுக்கப் போக முன் விளக்கடியில் இருந்து ஒவ்வொரு இரவும் ஓதியதும் அதே சூராதான். உமர் விடுதலை காணாமலே மறைந்தார். அந்தப் பதினைந்து பக்கமும் இப்போது வாஷிங்டனில், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. இணையத்தில் படமாகவும் பார்க்கலாம். பையனுக்குக் காட்டுங்கள், டீச்சர்.