கடலடித் தங்க நாணயத்துக்கும் மூலப்பத்திரம் வேண்டும்

கேள்வி: அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் பணிபுரிகிறேன். 1715-இல் அக்கடலோரம் மூழ்கிய ஸ்பானியக் கப்பல்களைச் சேர்ந்தது என்று சொல்லி, 8 எஸ்குடோ (அக்கால ஸ்பானிய நாணய அலகு) மதிப்புள்ள தங்க நாணயம் ஒன்றைச் சந்தை விலையில் பாதிக்கு ஒருவர் தர முன்வருகிறார். தரச்சான்று நிறுவனத்தின் முத்திரையிட்ட பிளாஸ்டிக் பெட்டியில் இருக்கிறது. வேறு ஆவணம் இல்லை. புயலுக்குப் பின் கடற்கரையில் தாத்தா கண்டெடுத்தது என்கிறார். வாங்கலாமா? சென்னையிலுள்ள என் தந்தைக்குப் பரிசளிக்க எண்ணம்.

பதில்: இப்போதுள்ள நிலையில் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

மனை வாங்கும்போது மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் கேட்கிறோம் அல்லவா? இந்த நாணயத்துக்கும் அவை உண்டு. அந்தக் கப்பல்களின் சிதைவுகள் கூட்டாட்சி நீதிமன்றத்தின் பொறுப்பில் உள்ளன. மீட்பு உரிமை பெற்ற நிறுவனமும் அதன் ஒப்பந்ததாரர்களும் எடுக்கும் ஒவ்வொரு பொருளையும் கணக்கில் காட்ட வேண்டும். அதில் 20 சதவீதம் வரை ஃபுளோரிடா மாநிலம் தன் அருங்காட்சியகத்துக்கு எடுத்துக்கொண்ட பிறகே, எஞ்சியவற்றின் உரிமையை நீதிமன்றம் மீட்பவருக்கு வழங்குகிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விடுபட்டாலும் விற்பவருக்கு உரிமை இல்லை. இல்லாத உரிமையை அவர் உங்களுக்கு மாற்றித் தரவும் முடியாது.

2015-இல் மீட்பு ஒப்பந்ததாரர்கள் 101 தங்க நாணயங்களை எடுத்து, 51-ஐ மட்டும் கணக்கில் காட்டினர். மறைக்கப்பட்ட 50-இல் 37-ஐ மாநில அதிகாரிகள் மீட்டதாக 2024-இல் அறிவித்தனர். அவை வீடுகளிலிருந்தும் வங்கிப் பெட்டகங்களிலிருந்தும் கிடைத்தன. ஐந்து நாணயங்களோ, திருட்டு என்று அறியாமல் வாங்கியிருந்த ஓர் ஏலக்காரரிடமிருந்து எடுக்கப்பட்டன. நல்லெண்ணத்தில் வாங்கியவர் என்பதால் அவருக்கு நாணயம் தங்கிவிடவில்லை. எஞ்சிய 13-இல் ஒன்று உங்கள் கைக்கு வருகிறது என்று நான் சொல்லவில்லை. அது இல்லை என்று காட்ட உங்களிடம் எதுவும் இல்லை என்பதுதான் சிக்கல். மேலும், வழக்கு என்று வந்தால், பாதி விலை என்பதே உங்களைச் சந்தேகிக்க வைத்திருக்க வேண்டும் என்று எதிர்த்தரப்பு வாதிடும். திருட்டுப்பொருள் என்று தெரிந்தே வாங்கினால் அது குற்றவியல் வழக்காகவும் மாறும்.

பிளாஸ்டிக் பெட்டியை நம்ப வேண்டாம். நகையை உரைகல்லில் உரசிப் பார்ப்பவர் மாற்றைச் சொல்வார். நகை யாருடையது என்று சொல்ல மாட்டார். தாத்தா கதையும் உதவாது: மாநிலத்துக்குச் சொந்தமான நிலத்திலும் நீரடி நிலத்திலும் கைவிடப்பட்டுக் கிடக்கும் புதையல் மாநிலத்துக்கே உரியது என்கிறது ஃபுளோரிடா சட்டம். எந்த இடத்தில், எந்த ஆண்டில் எடுத்தது என்று அவர் எழுத்தில் தரத் தயாரா?

தர ஒப்பினால், மீட்பு நிறுவனத்தின் அசல் சான்றிதழையும் அதில் குறிக்கப்பட்ட எடை, படம், பதிவு எண் ஆகியவற்றையும் கேளுங்கள். அக்கால நாணயங்கள் பல, ஏறத்தாழ 27 கிராம் எடைக்குக் கையால் வெட்டி, சம்மட்டியால் அடித்து அச்சிடப்பட்டவை. அவற்றில் ஒன்றன் விளிம்பு மற்றொன்றுக்குப் பொருந்தாது. உங்களுடையது அவ்வகை என்றால், சான்றிதழ் படத்தோடு நீங்களே ஒப்பிட்டுவிடலாம். உரிமையில் பழுது வந்தால் பணத்தைத் திருப்பித் தருவதாக விற்பனை ரசீதில் எழுதி வாங்குங்கள். ஆயினும் விற்றவர் காணாமல் போய்விட்டால் அந்த ரசீதை வைத்து என்ன செய்வது?

தந்தைக்குக் கொடுப்பது பற்றி: இந்தியச் சுங்கத்தில் தீர்வையின்றி அனுமதிக்கும் சலுகை நகைக்குத்தான், நாணயத்துக்கு இல்லை, விமான நிலையத்தில் கட்டாயம் அறிவித்துத் தீர்வை செலுத்த வேண்டும். அதைவிட முக்கியமானது 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம். நூறாண்டுக்குக் குறையாத எந்த நாணயமும் அதன்படி தொல்பொருளே. வெளிநாட்டில் அச்சிடப்பட்டது என்பதற்காக விலக்கு எதுவும் அந்த வரையறையில் இல்லை. தொல்பொருளை ஏற்றுமதி செய்யும் அதிகாரம் மத்திய அரசுக்கும் அது அங்கீகரித்த அமைப்புக்கும் மட்டுமே உண்டு. ஆகவே, பின்னாளில் தந்தை உங்களிடமே திருப்பிக் கொடுத்தாலும், நீங்கள் அதைப் பெட்டியில் வைத்து அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்ல முடியாது.